ஆட்டோமேட்டிக் கேபிள் டெஸ்டரோடு வெளி மீட்டரைச் சேர்த்த அனுபவம்

ஓசூரில் எங்களுடையது சிறிய வயரிங் ஹார்னஸ் யூனிட். கனெக்டர்களோடு கட்டித் தரும் வயர் தொகுப்பைத்தான் ஹார்னஸ் என்போம். இரு சக்கர மின்வாகனங்களுக்கான பேட்டரி பெட்டிக்குள் போகும் ஹார்னஸ்தான் இப்போது முக்கிய வேலை. ஒவ்வொன்றிலும் பேட்டரி செல்களின் வோல்டேஜைப் பார்க்கும் 13 சென்ஸ் வயர்கள், வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் 2 தெர்மிஸ்டர்கள், கேன் என்ற தகவல் தொடர்புக்கான ஒரு முறுக்கிய வயர் ஜோடி. சென்ஸ் வயரின் ஒரு முனையில் கனெக்டர், மறுமுனையில் ரிங் லக் என்ற வளைய முனை. எல்லாம் 0.5 சதுர மில்லிமீட்டர் வயர், நீளம் 40 சென்டிமீட்டரிலிருந்து 1.8 மீட்டர் வரை.

இதைச் சோதிக்க ஓர் ஆட்டோமேட்டிக் கேபிள் டெஸ்டர் வைத்திருக்கிறோம். ஃபிக்ஸ்சரில் (ஹார்னஸின் முனைகளைப் பிடித்து டெஸ்டரோடு இணைக்கும் தாங்கி) ஹார்னஸை மாட்டி பட்டனை அழுத்தினால் ஓப்பன், ஷார்ட், மாறிப்போன வயர் எல்லாவற்றையும் ஒரு சில விநாடிகளில் சொல்லிவிடும். அப்புறம் 500 வோல்ட்டில் இன்சுலேஷனையும் பார்க்கும். பல வருடங்கள் அதுவே போதுமானதாக இருந்தது. பிறகு வாடிக்கையாளர் ஒரு புதிய நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு சென்ஸ் வயரின் மின்தடையும் மில்லி ஓமில் பதிவாக வேண்டும், தெர்மிஸ்டரின் மதிப்பும் சீரியல் எண்ணோடு சேர்ந்து வர வேண்டும்.

டெஸ்டரும் மின்தடை காட்டத்தான் செய்கிறது. ஆனால் 0.1 ஓம் படிகளில், அதுவும் இணைப்பு வயர்களின் மின்தடையும் சேர்ந்தே வரும் இரண்டு வயர் முறையில். எங்கள் வயரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தூய செம்பில் 0.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 20 டிகிரியில் மீட்டருக்குச் சுமார் 34.5 மில்லி ஓம். 1.8 மீட்டருக்கு 62 மில்லி ஓம், 40 சென்டிமீட்டருக்கு 14. டெஸ்டருக்கு இரண்டுமே 0.1 அல்லது 0.0. ஃபிக்ஸ்சரிலிருந்து டெஸ்டருக்குப் போகும் வயரே அதைவிட அதிகம். புது டெஸ்டருக்கு விலை கேட்டோம், எங்கள் அளவுக்கு அது எட்டவில்லை. நம் டெஸ்டரின் மென்பொருளில் ஒரு நல்ல வசதி இருந்தது. சோதனை முடிந்ததும் வெளியே உள்ள ஒரு நிரலை ஓட்டும், அது திருப்பித் தரும் எண்ணைப் பார்த்து பாஸ், ஃபெயில் முடிவெடுக்கும். சரி, அந்தக் கதவு வழியாக ஒரு நல்ல மல்டிமீட்டரை உள்ளே கொண்டுவரலாம் என்று இறங்கினேன்.

மீட்டர் பழையது, 34401ஏ. 1991இல் ஹெச்பி வெளியிட்டது. பிறகு அஜிலென்ட், கீசைட் என்று பெயர்ப்பலகை மாறி மாறி அதே மாடல் நெடுநாள் விற்பனையில் இருந்தது. ஆறரை இலக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கி, முதல் வேலையாக அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கேலிபரேஷன் செய்து சான்றிதழ் வாங்கினேன். வாடிக்கையாளர் தணிக்கைக்கு வரும்போது முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

இந்த மீட்டரின் முதுகில் கணினியோடு பேச ஜிபிஐபி, ஆர்எஸ்-232 (சீரியல்) என்ற இரண்டு இணைப்புகளும் இருக்கின்றன. ஜிபிஐபிக்கான கார்டு விலை அதிகம் என்பதால் சீரியலைத் தேர்ந்தெடுத்தேன். அங்கேயே ஒன்றரை நாள் போயிற்று. கணினியிலிருந்து அடையாளம் கேட்கும் கட்டளையை அனுப்பினால் மீட்டர் பதிலே பேசவில்லை. வேகம் 9600, ஏழு பிட், ஈவன் பாரிட்டி, இரண்டு ஸ்டாப் பிட் என்பதெல்லாம் மெனுவில் பார்த்துச் சரியாகத்தான் வைத்திருந்தேன். பிழை கேபிளில் இருந்தது. நான் செய்தது மூன்று வயர் கேபிள்: பின் 2, 3 குறுக்கே, 5 நேராக. இந்த மீட்டரோ டிடிஆர், டிஎஸ்ஆர் என்ற, 'நான் தயார்' என்று இரு பக்கமும் சொல்லிக்கொள்ளும் பின்கள் வழியான கைகுலுக்கலை எதிர்பார்க்கும் வகை. டிஎஸ்ஆர் பின் உயிரோடு இல்லையென்றால், எதிரே கேட்க ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு பதிலை அனுப்பாமல் வைத்துக்கொள்ளும். 4ஐயும் 6ஐயும் குறுக்கே இணைத்த அடுத்த நொடி பதில் வந்தது. சீரியல் வழியாகப் பேசும்போது முதலில் ரிமோட் நிலைக்குப் போகச் சொல்லும் கட்டளையையும் அனுப்ப வேண்டும். ஜிபிஐபியில் அது தானாக நடக்கும், இதில் நடக்காது.

கட்டளைகள் எல்லாம் எஸ்சிபிஐ என்ற பொது மொழியில். 1990இல் வந்த தரம். இன்றைக்கு வாங்கும் மீட்டரும் ஏறக்குறைய அதையேதான் பேசுகிறது. அதனால் பைதானில் எழுதிய நிரலை நாளை வேறு மீட்டருக்கு மாற்றவும் அதிக வேலை இருக்காது. நிரல் எழுதியது ஒரு மாலை வேலை. மீட்டருக்கும் ஹார்னஸுக்கும் நடுவில் உள்ள வழிதான் அடுத்த ஆறு வாரத்தையும் எடுத்துக்கொண்டது.

மீட்டர் ஒன்று; 13 சென்ஸ், கேன் ஜோடியின் 2 என வயர்கள் பதினைந்து. ஒவ்வொன்றாக மீட்டருக்குக் கொடுக்க ரிலே வேண்டும், அதாவது காயிலில் கரண்ட் விட்டால் காண்டாக்டுகள் மாறும் சுவிட்ச். கடையில் எளிதாகக் கிடைக்கும் நீல நிற ரிலே போர்டுகள் கைவசம் இருந்தன, எட்டு ரிலே ஒரே பலகையில் இருக்கும் வகை. அதையே முதலில் மாட்டினேன். நான்கு வயர் முறையில்தான் இணைத்தேன். இரண்டு வயர் வழியாக மீட்டர் கரண்ட் அனுப்பும், வேறு இரண்டு வயர் வழியாக முனைகளின் வோல்டேஜைப் பார்க்கும். கரண்ட் போகும் வழியில் எவ்வளவு மின்தடை இருந்தாலும் கணக்கில் சேராது. இதைக் கெல்வின் இணைப்பு என்போம்.

முதல் நாள் நன்றாகத் தெரிந்தது. இரண்டாவது நாளிலிருந்து ஒரே வயருக்கு ஒருமுறை 62, மறுமுறை 90, சில நேரம் ஓவர்லோட். ரிலேயை விரலால் தட்டினால் எண் மாறியது. அந்த ரிலேக்கள் 10 ஆம்பியர் விளக்கு, மோட்டார் போடுவதற்கானவை. அவற்றின் வெள்ளி காண்டாக்டில் படியும் மெல்லிய படலத்தை எரித்து வழி ஏற்படுத்தக் கொஞ்சம் கரண்ட், கொஞ்சம் வோல்டேஜ் தேவை. நம்முடைய சென்ஸ் வழியில் கரண்டே இல்லை, வோல்டேஜும் மைக்ரோவோல்ட். படலம் அப்படியே நிற்கும். கரண்ட் வழி எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தால் அதுவும் முழுக்க உண்மையில்லை. வழி முற்றிலும் திறந்துவிட்டால் அளவே இல்லையே. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்பி ரோட்டுக்குப் போய், தங்க முலாம் பூசிய காண்டாக்ட் உள்ள சிக்னல் ரிலேக்களாக, இரண்டு போல், இரண்டு த்ரோ வகையில் (ஒரே ரிலேக்குள் இரண்டு தனித்தனி சுவிட்ச்) வாங்கி வந்தேன். டேட்டாஷீட்டில் பார்க்க வேண்டியது அதிகபட்ச கரண்டை அல்ல, குறைந்தபட்ச சுமையை. மில்லிவோல்ட், மைக்ரோ ஆம்பியர் அளவில் எழுதியிருக்கும் ரிலேதான் இந்த வேலைக்கு ஆகும்.

இரண்டு போல் என்பதால் ஒரு ரிலே ஒரு முனையைப் பார்த்துக்கொள்ளும்: ஒரு போல் கரண்டுக்கு, மற்றது சென்ஸுக்கு. 15 வயர், 30 முனை, 30 ரிலே. தெர்மிஸ்டர்களுக்கு இரண்டு. மீட்டரை எங்கே இணைப்பது, கரண்டை எந்தத் திசையில் அனுப்புவது என்பதற்கெல்லாம் சேர்த்து 39 ரிலே வந்தது. ஓட்டுவதற்கு டிபிஐசி6பி595 என்ற ஷிஃப்ட் ரிஜிஸ்டர் ஐசி (வரிசையாக வரும் பிட்களை வாங்கி வெளியீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) ஐந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தது. ஒவ்வொன்றிலும் எட்டு வெளியீடு. அவற்றுக்கு மேலே ஓர் ஆர்டுயினோ நேனோ, சிறிய மைக்ரோகன்ட்ரோலர் பலகை. ஒவ்வொரு காயிலுக்கும் குறுக்கே ஒரு டயோடு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணினி சீரியல் போர்ட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆர்டுயினோ ரீசெட் ஆகும். பவர் வந்தவுடன் ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் என்ன இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அதனால் முதல் முறை பவர் போட்டபோது பத்துப் பன்னிரண்டு ரிலேக்கள் ஒரே நேரத்தில் 'டக்' என்று மூடின. அந்த ஐசியில் வெளியீட்டை அனுமதிக்கும் பின் ஒன்று இருக்கிறது. அது கீழே இழுக்கப்பட்டால்தான் வெளியீடு வேலை செய்யும். ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் அதை மேலே கட்டிவைத்து, ஆர்டுயினோ விழித்து எல்லா இடத்திலும் பூஜ்யம் தள்ளிய பிறகே கீழே இழுக்கும்படி மாற்றினேன். ஒரே ஒரு ரெசிஸ்டர்தான். ஆனால் அது இல்லாமல் இந்தப் பலகையை 500 வோல்ட் டெஸ்டரின் பக்கத்தில் வைக்கவே கூடாது.

ரிலே சரியானதும் அடுத்த சிக்கல் கண்ணில் பட்டது. அளவுகள் இப்போது நிலையாக இருந்தன, ஆனால் மெதுவாக ஊர்ந்தன. காலையில் போட்டதும் 62. பத்து நிமிடம் கழித்து அதே வயர் 67. வயரை நான் தொடவே இல்லை.

காரணம் வெப்பம். நான்கு வயர் ஓம் முறையில் இந்த மீட்டர் 100 ஓம் ரேஞ்சில் 1 மில்லி ஆம்பியர் அனுப்புகிறது. 62 மில்லி ஓமில் அது உண்டாக்கும் வோல்டேஜ் வெறும் 62 மைக்ரோவோல்ட். இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் வெப்பநிலை வித்தியாசம் இருந்தால் அங்கேயே சில மைக்ரோவோல்ட் பிறக்கும். ரிலேயின் காயில் சூடாகிறது, அதன் காலும் சூடாகிறது, காலின் உலோகம் வேறு, போர்டின் செம்பு வேறு. 5 மைக்ரோவோல்ட் பிறந்தால் மீட்டர் அதை 5 மில்லி ஓம் என்று படிக்கிறது. மீட்டரைக் குறை சொல்ல முடியாது. அதற்குக் கொடுத்த வழியில் இருப்பதையெல்லாம் சேர்த்துத்தான் அது சொல்லும்.

இதற்கு நான் செய்த மாற்றம்தான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மீட்டரின் ஓம் முறையையே விட்டுவிட்டேன். எல்எம்317 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசியோடு 12 ஓம் ரெசிஸ்டர் வைத்து ஒரு நிலையான கரண்ட் சோர்ஸ் கட்டினேன். 1.25 வோல்ட்டை 12ஆல் வகுத்தால் சுமார் 104 மில்லி ஆம்பியர். ஒரு காசு இரண்டு காசு முன்பின் இருந்தாலும் கவலையில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். மீட்டரை 100 மில்லிவோல்ட் டிசி ரேஞ்சில் பூட்டிவைத்தேன். இப்போது அதே வயரில் 6.4 மில்லிவோல்ட் கிடைக்கிறது, முன்பைவிட நூறு மடங்கு. பிறகு ஒரு ரிலே வைத்து கரண்டின் திசையைத் திருப்பி இன்னொரு முறை அளக்கிறேன். வெப்பத்தால் பிறந்த வோல்டேஜுக்குத் திசை மாறாது, வயரால் பிறந்ததற்கு மாறும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து இரண்டால் வகுத்தால் வெப்பத்தின் பங்கு கழன்றுவிடும்.

கரண்ட் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை என்றேனே, அதற்குக் காரணம் அதே கரண்ட் பாதையில் தொடராக மாட்டிய 0.1 சதவீதத் துல்லியமுள்ள 1 ஓம் ரெசிஸ்டர். நான்கு கால் உள்ளது. அதன் குறுக்கே உள்ள வோல்டேஜையும் அதே மீட்டரால், அதே ரேஞ்சில் அளக்கிறேன். 104 மில்லிவோல்ட் வரும். அந்த ரேஞ்ச் 120 வரை தாங்கும். வயரின் வோல்டேஜை இதன் வோல்டேஜால் வகுத்தால் நேராக ஓம் வந்துவிடும். கரண்ட் எவ்வளவு என்பது இரண்டிலும் இருப்பதால் அடிபட்டுப்போகிறது. மீட்டரின் கேலிபரேஷன் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் அதுவும் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். மாற்றிய அன்றைக்கு ஒரே வயரை காலை முதல் மாலை வரை இருநூறு முறை அளக்க விட்டேன். அறை வெப்பநிலையைக் கழித்துப் பார்த்தால் எல்லாம் 0.1 மில்லி ஓமுக்குள் நின்றன.

ஃபிக்ஸ்சரைப் பற்றியும் எழுத வேண்டும். ரிங் லக் பக்கம் சுலபம். லக்கை மேலும் கீழும் கவ்வும் கிளாம்ப் போட்டேன். மேல் தாடையில் கரண்ட், கீழ்த் தாடையில் சென்ஸ், நடுவில் இன்சுலேஷன். கனெக்டர் பக்கம் அப்படி முடியவில்லை. எதிர் கனெக்டரின் டெர்மினலுக்குப் பின்னால் இரண்டு வயரை வைத்துச் சால்டர் செய்தேன். நான்கு வயர் இணைப்பு அங்கே தொடங்குவதால், டெர்மினல்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தின் மின்தடையும் அளவில் சேர்ந்துவிடுகிறது. புதிதாக இருக்கும்போது அது 2, 3 மில்லி ஓம். சில ஆயிரம் முறை மாட்டிக் கழற்றியதும் 8, 10 என்று ஏறியது. ஹார்னஸ் நன்றாக இருக்கிறது, ஃபிக்ஸ்சர் தேய்ந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல நிரலுக்கு வழியில்லை. கடைசியில் அந்த டெர்மினல்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மெல்லிய ஸ்பிரிங் பின்களை வைத்தேன். ஹார்னஸின் டெர்மினலை இரண்டும் தனித்தனியாகத் தொடும். துளைகளின் இடைவெளி சரியாக அமைய மூன்று முறை பிளேட் வெட்ட வேண்டியிருந்தது.

ஸ்பிரிங் பின்னும் ஒருநாள் தேயும். அதனால் தினமும் காலையில் முதல் ஹார்னஸுக்கு முன்னால் ஒரு 'ஜீரோ ஹார்னஸ்' மாட்டுகிறோம். 0.5 சதுர மில்லிமீட்டர் வயருக்குப் பதில் தடித்த செம்புப் பட்டையால் செய்தது, எல்லா இடத்திலும் 1 மில்லி ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நிரல் அன்றைய சோதனையையே தொடங்க விடாது. ஃபிக்ஸ்சரை முதலில் சோதி, பிறகு சரக்கைச் சோதி. இந்த வரிசையை ஆபரேட்டர்கள் என்னைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

டிசம்பரில் ஒரு காலை, சோதனை மேசையில் இருக்கும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, காலையில மாட்டுற தெர்மிஸ்டர் எல்லாமே ஃபெயில் காட்டுது. நேத்து காலையில ஃபெயில் ஆனத எடுத்து வெச்சிருந்தேன், அது மத்தியானம் பாஸ் ஆச்சு. சரக்குல தப்பு இல்ல, வேற எங்கயோ இருக்கு."

அவர் சொன்னது முழுக்கச் சரி. நான் வைத்திருந்த வரம்பு 10 கிலோ ஓமை மையமாகக் கொண்டது. அந்த மதிப்பு 25 டிகிரிக்கு உரியது. ஓசூரில் டிசம்பர் காலையில் பட்டறைக்குள் 18 டிகிரி. எங்கள் தெர்மிஸ்டரின் பீட்டா, அதாவது வெப்பநிலைக்கு மின்தடை எவ்வளவு மாறும் என்று சொல்லும் எண், 3435. கணக்குப் போட்டால் 18 டிகிரியில் 13.2 கிலோ ஓம், 32 டிகிரியில் 7.7. அக்டோபரில் முதல் சோதனையை ஒரு மதிய நேரத்தில் செய்து, கிடைத்த எண்களைச் சுற்றி அகலமான வரம்பு போட்டிருந்தேன். குளிர் வந்ததும் வரம்புக்கு வெளியே போய்விட்டது. இன்னொன்றும் இருந்தது. 10 கிலோ ஓம் ரேஞ்ச் 12க்கு மேல் போகாது. 13.2 வந்ததும் மீட்டர் ஓவர்லோட் சொல்லிவிட்டது. ஆட்டோ ரேஞ்ச் போட்டால் நேரம் போகும் என்று 100 கிலோ ஓம் ரேஞ்சிலேயே நிறுத்திவைத்தேன். துல்லியம் அங்கேயும் போதுமானது.

வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 சென்சார் ஒன்றை ஃபிக்ஸ்சரில், தெர்மிஸ்டர்கள் படுக்கும் அலுமினியத் தகட்டிலேயே பதித்தேன். அரை டிகிரி வரை அது பிசகலாம். ஆனால் இந்தத் தெர்மிஸ்டரில் ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 4 சதவீதம் மாறும், அரை டிகிரிப் பிசகே 2 சதவீதம். அது எனக்குப் போதவில்லை. அதனால் ஆய்வகத்தில் மதிப்புப் பார்த்த ஒரு தெர்மிஸ்டரையும் அதே தகட்டில் ஒட்டி, ஒவ்வொரு ஹார்னஸையும் அதோடு ஒப்பிட வைத்தேன். ஹார்னஸை மாட்டிய பிறகு சூடு சமமாகச் சற்று நேரம் பிடிக்கிறது. அதனால் தெர்மிஸ்டரை வரிசையில் கடைசிக்குத் தள்ளினேன். இன்சுலேஷன் சோதனை முடிவதற்குள் அது அறை நிலைக்கு வந்துவிடும்.

செம்புக்கும் இதே கதைதான், அளவு குறைவு. ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம். 18க்கும் 32க்கும் நடுவில் ஐந்தரை சதவீதம். 62 மில்லி ஓம் வயரில் அது மூன்றரை மில்லி ஓம், நான் தேடும் கிரிம்ப் குறையைவிட (வயரின் மேல் டெர்மினலை நசுக்கிப் பிடிக்கும் இடத்தில் வரும் குறை) பெரியது. இப்போது எல்லா எண்ணையும் 20 டிகிரிக்கு மாற்றித்தான் பதிவு செய்கிறோம்.

தெர்மிஸ்டரில் இன்னொரு பிழையும் ஒளிந்திருந்தது. டெஸ்டர், ரிலே பலகை இரண்டுமே ஃபிக்ஸ்சரின் அதே பின்களில் இணைந்திருந்தன. டெஸ்டர் சும்மா இருக்கும்போதும் அதன் உள்ளீட்டில் பாதுகாப்புச் சுற்று இருக்கும். அளந்து பார்த்தேன், சுமார் 1 மெகா ஓம். சென்ஸ் வயருக்கு அது ஒன்றுமே இல்லை. 62 மில்லி ஓமுக்கு இணையாக 1 மெகா ஓம் போட்டால் எந்த இலக்கமும் அசையாது. 10 கிலோ ஓமுக்கு இணையாகப் போட்டால் 9.9 ஆகிவிடும், ஒரு சதவீதம் குறைவு. வாடிக்கையாளர் கொடுத்த வரம்பே 3 சதவீதம்தான். தெர்மிஸ்டர் வயர்களுக்கு மட்டும் டெஸ்டரைத் துண்டிக்கும் ரிலே இரண்டு சேர்த்தேன். மேலே சொன்ன 39இல் அவையும் அடக்கம்.

இனி, நடந்திருக்கவே கூடாத ஒன்று. கேன் ஜோடியின் முறுக்கு சரியாக இருக்கிறதா என்று அதன் கெபாசிட்டன்ஸை வைத்துப் பார்க்கலாமே என்ற ஆசையில் ஒரு கையடக்க எல்சிஆர் மீட்டரையும் அதே பலகையில் இணைத்திருந்தேன். ஒருநாள் நிரலில் திருத்தம் செய்துகொண்டிருந்தபோது அது நடுவில் நின்றுவிட்டது. நின்றபோது கேன் ஜோடியின் ரிலேக்கள் மூடிய நிலையிலேயே இருந்தன. அது தெரியாமல் டெஸ்டரின் பட்டனை அழுத்திவிட்டேன். 500 வோல்ட் இன்சுலேஷன் சோதனை நேராக எல்சிஆர் மீட்டருக்குள் போயிற்று. மீட்டர் போய்விட்டது. அது போனதைவிட, அந்த மேசையில் நாள் முழுக்கக் கை வைத்து வேலை செய்யும் அக்காவை நினைத்துத்தான் அன்றைக்கு என் கை நடுங்கியது. நிரலை நம்பி உயர் மின்னழுத்தத்தின் பக்கத்தில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது.

அடுத்த நாளே பட்டறை வேலையை நிறுத்திவிட்டு வன்பொருளில் ஒரு பூட்டுப் போட்டேன். முதலில் தோன்றியது, டெஸ்டரில் உயர் மின்னழுத்தம் ஓடும்போது எரியும் சிவப்பு விளக்கின் 24 வோல்ட்டை எடுத்து, அது வந்தால் ரிலே பலகையின் 12 வோல்ட்டைத் துண்டிப்பது. ஆனால் அந்த விளக்கு வயர் அறுந்தால் பூட்டு திறந்தே கிடக்கும். அதனால் தலைகீழாகச் செய்தேன். டெஸ்டர் தன் வேலை முழுதும் முடிந்தது என்று தரும் சிக்னல் வந்தால் மட்டுமே ஒரு ரிலே இழுத்து, பலகையின் காயில்களுக்கு 12 வோல்ட் கொடுக்கும். எந்த வயர் அறுந்தாலும் எல்லா ரிலேயும் திறந்த நிலைக்கு விழும். அந்த 12 வோல்ட் வந்திருக்கிறதா என்று ஆர்டுயினோவும் ஒரு பின்னில் பார்த்துக்கொள்கிறது. வராமலேயே அளந்து 'ஓப்பன்' என்று நல்ல ஹார்னஸை நிராகரித்துவிடக் கூடாதல்லவா. ரிலே வாங்கும்போது திறந்த காண்டாக்டுகளுக்கு நடுவில் எத்தனை வோல்ட் தாங்கும் என்ற வரியையும் பார்த்து வாங்குங்கள். 500 வோல்ட் ஓடும்போது தடுப்பது அந்தச் சின்ன இடைவெளிதான்.

கெபாசிட்டன்ஸ் யோசனையை அத்தோடு கைவிட்டேன். பயத்தால் மட்டும் அல்ல. மீட்டர் போவதற்கு முன்பே எடுத்த எண்கள் இருந்தன: ஹார்னஸ் இல்லாமல் ஃபிக்ஸ்சரும் டெஸ்டர் வயர்களும் மட்டும் 340 பிகோஃபாரட், ஹார்னஸோடு 440. நான் பார்க்க விரும்பும் மாற்றம் அந்த 100க்குள் ஒரு சிறு பங்கு. பக்கத்து வயர் கொஞ்சம் நகர்ந்தாலே அதைவிட அதிகம் மாறியது. அதைச் செய்ய வேண்டுமானால் டெஸ்டரை முழுக்கத் துண்டித்து, மீட்டரை ஃபிக்ஸ்சருக்கு ஒட்டினாற்போல் வைத்து, தனியாகவே செய்ய வேண்டும்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆரம்பத்தில் ஒவ்வொரு அளவுக்கும் 'மெஷர்' கட்டளையை அனுப்பினேன். அது ஒவ்வொரு முறையும் மீட்டரைப் புதிதாக அமைத்து, ரேஞ்ச் தேடி, பிறகு அளக்கும். ஓர் அளவுக்கு ஒரு விநாடிக்கு மேல், ஹார்னஸுக்கு அரை நிமிடம் தாண்டியது. தொடக்கத்தில் ஒரே முறை 'கான்ஃபிகர்' செய்துவிட்டு, பிறகு 'ரீட்' மட்டும் கேட்டால் போதும். அளக்கும் நேரத்தை மெயின்ஸ் மின்சாரத்தின் ஒரு சுழற்சிக்கு வைத்தேன். நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் அது 20 மில்லி விநாடி. அதற்குக் கீழே குறைத்தால் மெயின்ஸின் இரைச்சல் அளவுக்குள் வந்துவிடும். ஒவ்வொரு அளவோடும் மீட்டர் தன் பூஜ்யத்தையும் அளக்கும் ஆட்டோ ஜீரோ இருப்பதால் 40. ரிலே மூடி அதிர்வு அடங்க 15 மில்லி விநாடி காத்திருக்கிறேன். 15 வயர், இரு திசை, தெர்மிஸ்டர் எல்லாம் சேர்த்து இப்போது 4 விநாடிக்குள் முடிகிறது. ஒரு வயரிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது முதலில் கரண்டை நிறுத்தி, ரிலேயை மாற்றி, மறுபடி கரண்ட் விடுகிறேன். காண்டாக்ட் தீப்பொறி பார்க்காது, நீண்ட நாள் உழைக்கும். டெஸ்டரும் பாஸ், இந்த நிரலும் பாஸ் என்றால்தான் லேபிள் பிரிண்டர் ஸ்டிக்கரை வெளியே தள்ளும்.

இது எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று வாடிக்கையாளரிடம் நேரில் போய் விளக்கினேன், ஏனென்றால் மில்லி ஓம் பார்த்தால் கிரிம்ப் முழுதும் சரி என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். எங்கள் வயரில் 0.2 மில்லிமீட்டர் இழைகள் 16. இன்சுலேஷன் உரிக்கும்போது நான்கு இழை அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறுந்த இடம் 3 மில்லிமீட்டர். அங்கே நல்ல வயரின் மின்தடையே 0.1 மில்லி ஓம்தான். நான்கு இழை போனால் 0.14 ஆகும். 62இல் அந்த 0.04ஐ எந்த மீட்டராலும் குறை என்று காட்ட முடியாது. வயர் ஒரு மில்லிமீட்டர் நீளமாக வெட்டப்பட்டிருந்தாலே அந்த அளவு வந்துவிடும். அதைப் பிடிக்க கிரிம்ப் உயரத்தை மைக்ரோமீட்டரில் பார்ப்பதும், இழுவைச் சோதனையும்தான் வழி. அவற்றை நாங்கள் நிறுத்தவில்லை, நிறுத்தவும் சம்மதிக்க மாட்டேன்.

பிடிப்பது எதை என்றால், இன்சுலேஷன் மேலேயே விழுந்த கிரிம்பை. இரண்டொரு இழை மட்டும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். டெஸ்டருக்கு அது கன்டின்யூட்டி, அதாவது இணைப்பு இருக்கிறது, பச்சை விளக்கு. பிப்ரவரியில் ஏழாவது சென்ஸ் வயர் ஒன்று 62க்குப் பதில் 81 காட்டியது. மறுபடி அளந்தால் 77. வயரை லேசாக அசைத்தால் 90. அக்கா அந்த டெர்மினலைக் கட்டர் வைத்துப் பிளந்து என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். உள்ளே சிவப்பு பிவிசி பாதி நீளத்துக்கு உலோகத்துக்குள் கவ்வப்பட்டிருந்தது. அந்தப் பெட்டியில் மீதியிருந்த எல்லா ஹார்னஸையும் திரும்ப மாட்டிப் பார்த்தோம். இன்னும் இரண்டு கிடைத்தன, இரண்டுமே அதே உரிக்கும் மெஷினிலிருந்து வந்தவை. அதன் ஸ்டாப்பர் திருகு தளர்ந்திருந்தது.

அந்தப் பிளந்த டெர்மினலைச் சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு டெஸ்டருக்கு மேலே வைத்திருக்கிறோம். இப்போது அடுத்த வேலையாக, அளக்கும்போதே ஹார்னஸை மெதுவாக அசைக்கும் ஒரு சின்ன மோட்டார் அமைப்பு செய்துகொண்டிருக்கிறேன். 77, 81, 90 என்று ஆடிய அந்த எண்தான் அதற்குக் காரணம்.